கணவாயில் ஒரு விசில்

ஆன்லைன் கௌபாய் விளையாட்டில் மருதமுத்து அந்தக் கணவாயைக் கடக்கும்போதெல்லாம், பாறைக்குப் பின்னால் அதே முகமூடிக்காரன் பதுங்கியிருப்பான். எங்கிருந்தோ ஆடுகிற யாரோ. மற்றவர்களை விட்டுவிடுவான். இவன் குதிரையை மட்டும் சுட்டுச் சாய்த்துவிட்டு, செயலியால் மாற்றிய கரகரத்த குரலில், "வாடா" என்பான். இன்று மருதமுத்து குதிரையை விட்டிறங்கிப் பின்பக்கமாக ஊர்ந்துபோய், அவன் பிடரிக்குக் குறி வைத்தான். அப்போது ஹெட்போனுக்குள் குக்கர் விசில் அடித்தது. சண்டாளன் வீட்டிலும் சமையல் நடக்கிறது போல. சிரிப்பு வந்து, ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினான். விசில் நிற்கவில்லை. அடுக்களையிலிருந்து வந்துகொண்டிருந்தது. தீபாவளிச் சண்டைக்குப் பிறகு முகம் கொடுத்துப் பேசாத மனைவி பூங்கோதை அங்கிருந்து கூப்பிட்டாள்: "சாப்பிட வாங்க." ஒரு கணம் கழித்து, கழுத்தருகே அந்தக் கரகரத்த குரலும் சொன்னது: "சாப்பிட வாங்க." மருதமுத்து விசையிலிருந்து விரலை எடுக்கவில்லை.