ஃபேன் காற்றில் ஆர்கான்

“வெல்டிங் டார்ச்சை ஒருநாள் என் கையில கொடுங்கப்பா.”

பட்டறையில் இதை மட்டும் கேட்டுவிடாதே என்று அம்மா பலமுறை சொல்லியிருந்தாள். மகள் இன்று கேட்டேவிட்டாள்.

“டிகிரி படிச்சவ கணக்கைப் பாரு. வெல்டிங்கை உங்கண்ணன் பாத்துப்பான்” என்ற அப்பா, மகனுக்கு வியர்க்கிறதே என்று ஃபேனை இன்னும் பக்கத்தில் நகர்த்தினார். அவள் பக்கம் அது ஒருநாளும் திரும்பியதில்லை.

“ஃபேனை நிறுத்துங்கப்பா. டார்ச்சுலேர்ந்து வர்ற ஆர்கான் கேஸ் எவ்வளவு சூட்டுலயும் எதோடயும் சேராது. வெளிக்காத்து படாம, உருகுற ஸ்டீலைப் போர்வை மாதிரி மூடிக்கும். நீங்க ஃபேனைப் போட்டு அந்தப் போர்வையை உருவிடுறீங்க. அதான் ஜாயின்ட் முழுக்க ஓட்டை.”

“ஆரம்பிச்சுட்டாங்க புரொபசரம்மா” என்றான் அண்ணன்.

பால் கம்பெனி திருப்பி அனுப்பிய குழாய்கள் மூலையில் கிடந்தன. இப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஒரு மாதிரிக் குழாயையும் கூடவே அனுப்பியிருந்தார்கள். அப்பா அதன் ஜாயின்ட்டைத் தடவினார்.

“என்ன நேர்த்தி! எவன் பெத்த பிள்ளையோ?”

அண்ணனின் முகம் சுருங்கியது. “அவன்கிட்ட நல்ல மெஷின் இருக்கும்ப்பா.”

“நீங்க பெத்த பிள்ளைதான்ப்பா” என்றாள் அவள். “போன வாரம் அந்தக் கம்பெனியில வேலைக்கு டெஸ்ட் வச்சாங்க. அதுல நான் போட்ட ஜாயின்ட்தான் இது. மதியம் நீங்க ரெண்டு பேரும் தூங்குறப்போ கத்துக்கிட்டேன்.”

அப்பாவின் விரல் குழாயிலேயே நின்றது.

“அப்போ... நம்ம ஆர்டரை நீயே முடிச்சுக் கொடேன்மா.”

“அங்க வேலைக்குச் சேர நேத்தே கையெழுத்துப் போட்டுட்டேன்” என்றபடி பையை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தாள்.