உப்பு மெல்ல ஏறட்டும்

“சிஸ்டர், அந்த டிரிப்பை இன்னும் கொஞ்சம் மெதுவா விட முடியாதா?”

நர்ஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தீவிர சிகிச்சைப் பிரிவில் எல்லோரும் “சீக்கிரம் ஏத்துங்க” என்றுதான் உயிரை வாங்குவார்கள். மெதுவாக விடச் சொல்லி இதுவரை யாரும் வந்து நின்றதில்லை.

“அது டாக்டர் சொன்ன அளவும்மா. ஏற்கெனவே மெதுவாத்தான் போகுது. உப்பைச் சட்டுனு ஏத்தினா மூளைக்கு ஆபத்து. ஏத்தாம விட்டா ஃபிட்ஸ் வந்துடும்.”

“எப்ப தெளிவாயிடுவாரு?”

“இப்பவே பரவாயில்லை. நாளைக்குக் காலைல உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவாரு பாருங்க.”

நல்ல செய்திதான். ஆனால் கேட்டுக்கொண்டு நின்ற நோயாளியின் மனைவிக்கு முகம் ஏனோ வாடிப்போனது.

படுக்கையில் கிடந்தவர் பிடிவாதத்துக்குப் பேர் போனவர். பிரஷருக்கு உப்பு ஆகாது என்று யாரோ சொல்லிவிட, உப்பை அடியோடு ஒதுக்கிவிட்டு, குடம் குடமாகத் தண்ணீரைக் குடித்துத் தள்ளினார். ரத்தத்தில் சோடியம் அதலபாதாளத்துக்கு இறங்கி, எதிரில் நிற்பது யார் என்றுகூடத் தெரியாமல் உளறிக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தார்.

“அம்மா தலைபாடா அடிச்சுக்கிட்டாங்க. அப்பா கேட்டாத்தானே!” வெளியே உட்கார்ந்திருந்த மகள் நர்ஸிடம் பொருமினாள். “எனக்கு விவரம் தெரிஞ்சு அம்மாகிட்ட ஒரு நல்ல வார்த்தை பேசினதில்லை. வாயைத் திறந்தா எரிஞ்சு விழறதுதான். வேற யாரா இருந்தாலும் எப்பவோ விட்டுட்டுப் போயிருப்பாங்க.”

நர்ஸுக்குச் சுருக்கென்றது. அன்று மாலை பார்வை நேரத்தில் அந்தம்மாள் மீது ஒரு கண் வைத்திருந்தாள்.

படுக்கையில் இருந்தவர் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். மனைவி குனிந்து, காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். கண்கள் கலங்கியிருந்தன. பாவம், இந்த நிலைமையிலும் திட்டு வாங்குகிறாளே என்று நர்ஸுக்கு இரக்கமாகக்கூட இருந்தது.

மனைவி நிமிர்ந்து பார்த்தாள்.

“சிஸ்டர், நான் உள்ள இருக்கற நேரமாவது அந்த டிரிப்பை நிறுத்தி வெக்கக் கூடாதா?”

அவ்வளவுதான். நர்ஸ் நேராக டாக்டரிடம் போய் நின்றாள்.

“அந்தம்மாவை இனிமே உள்ள விட வேண்டாம் டாக்டர். எனக்கென்னவோ பயமா இருக்கு.”

டாக்டர் மனைவியைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். சுற்றி வளைத்துப் பேசுகிற ஆள் இல்லை அவர்.

“ஏம்மா, உங்க வீட்டுக்காரர் பிழைக்கறதுல உங்களுக்கு இஷ்டமில்லையா?”

“ஐயோ, என்ன டாக்டர் இப்படிக் கேட்டுட்டீங்க!” அவள் பதறிப்போனாள். “அவர் நல்லபடியா எழுந்து வரணும்னுதானே தவிச்சுக்கிட்டிருக்கேன்!”

“அப்புறம் எதுக்கு மருந்தை நிறுத்தச் சொல்றீங்க?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். இந்த வயதில் வெட்கம் வேறு வந்து தொலைத்தது.

“தப்புதான் டாக்டர், ஆசை கண்ணை மறைச்சிடுச்சு. நீங்க குடுத்த அங்கியும் மாஸ்க்கும் போட்டுக்கிட்டு நிக்கறதால, என்னை நர்ஸுன்னு நெனச்சுக்கிட்டிருக்காரு. ‘என் பொண்டாட்டி மாதிரி ஒருத்தி யாருக்கும் கிடைக்கமாட்டா சிஸ்டர், அவ சாப்பிட்டாளான்னு கேட்டுச் சொல்லுங்க’ன்னு சொல்லிக்கிட்டே இருக்காரு. தெளிஞ்சு, நான்தான் அந்தப் பொண்டாட்டின்னு தெரிஞ்சுட்டா நிறுத்திடுவாரு டாக்டர்.”