தலைமாடு

தொண்டையில் குழாய் இறங்கியிருந்ததால் தனுஷ்கோடியால் பேச முடியவில்லை. காது மட்டும் துல்லியமாகக் கேட்டது. நர்ஸ் ஜெசிந்தா, மருந்தில் நனைத்த பஞ்சால் அவர் பல், ஈறு, நாக்கு என்று பொறுமையாகத் துடைத்தாள்.

"அந்த வாயையா இவ்வளவு சுத்தமா கழுவுறீங்க, சிஸ்டர்?" என்றாள் மனைவி வசுமதி. "அதால என் மூஞ்சியில துப்புனதுக்குக் கணக்கே இல்ல."

"அந்த எச்சில்தாம்மா இப்ப இவருக்கே எமன். மட்டமா படுக்க வெச்சா நுரையீரலுக்குள்ள இறங்கிடும். நிமோனியா வந்தா இவரு உடம்பு தாங்காது. அதுக்குத்தான் வாயைக் கழுவுறது, தலைமாட்டைத் தூக்கி வெக்கிறது எல்லாம்."

"அப்படியா!" வசுமதி கட்டிலோரம் குனிந்தாள். "எந்த பட்டனை அமுக்குனா தலைமாடு இறங்கும்? தெரியாம என் கை பட்டுடக் கூடாது பாருங்க."

ஜெசிந்தா தொட்டே காட்டினாள்.

தனுஷ்கோடிக்குப் பகீரென்றது. தலையை ஆட்டினார், காலை உதறினார், இரண்டு கையாலும் காற்றைப் பிறாண்டினார்.

"அய்யய்யோ, டியூபைப் பிடுங்கப் பாக்குறாரு!" ஜெசிந்தா அவர் மணிக்கட்டுகளைக் கட்டில் கம்பியோடு கட்டினாள். டாக்டரைக் கேட்டுத் தூக்க மருந்தைக் கூட்டினாள். "பக்கத்துலயே இருங்கம்மா. உங்க முகத்தைப் பாத்தா அமைதியாயிடுவாரு."

வசுமதி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கட்டிய கையை ஒரு கையால் வாஞ்சையாகத் தடவினாள். இன்னொரு கை எங்கே போனது என்று அவருக்குத் தெரியவில்லை. இமை கனத்தது. ஜெசிந்தா அடுத்த கட்டிலில் யாருடைய வாயையோ துடைத்துக்கொண்டிருந்தாள். எதிர்ச் சுவரின் கடிகாரம் மெல்ல மெல்லக் கால்மாட்டுப் பக்கம் நழுவி மறைய, வெள்ளைக் கூரை அவர் முகத்துக்கு நேராக வந்து நின்றது.