முன்சீட்டில் ஜெஸிந்தா

அலை அவர்களைப் பிடித்துக்கொண்டது.

ஆறு ஓடியது. படகு ஓடவில்லை. பாறைக்குப் பின்னால் எழும்பி நிற்கிற அலை அது. அதன்மேல் கயாக் என்கிற சின்னத் துடுப்புப் படகை ஏற்றிவிட்டால் தண்ணீர் அடியில் போய்க்கொண்டே இருக்கும், படகு நின்ற இடத்திலேயே ஆடிக்கொண்டிருக்கும். இதற்குப் பெயர் சர்ஃபிங். இதற்காகத்தான் மூன்று தோழிகள் திருநெல்வேலியிலிருந்து குடகு வரை முதுகு ஒடிய பஸ்ஸில் வந்திருந்தார்கள்.

பின்சீட்டில் அவள்.

முன்சீட்டில் ஜெஸிந்தா.

பின்சீட்டுக்காரி திசை சொல்ல வேண்டும். முன்சீட்டுக்காரி அதன்படி சாய வேண்டும். காலையில் கைடு இதைத் திரும்பத் திரும்பச் சொன்னான். பேசிக்கொண்டே இருங்கள், பேசாவிட்டால் கவிழ்ந்துவிடுவீர்கள் என்றான்.

யாரிடம் போய்ச் சொல்கிறான் பாருங்கள்.

இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்று இரண்டு வருஷம் ஆகிறது.

ஹாஸ்டலில் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். அவள் வீடு கட்டிப் பால்காய்ப்பு வைத்தபோது ஜெஸிந்தாவுக்கு வாட்ஸ்அப்பில் பத்திரிகை அனுப்பினாள். ஊரையெல்லாம் நேரில் போய் அழைத்தவள், நம்ம ஜெஸிக்கு எதற்கு இந்த மரியாதையெல்லாம் என்று நினைத்துவிட்டாள்.

இரண்டு நீல டிக் விழுந்தது. ஆள் வரவில்லை.

வராதவள்மேல் இவளுக்குக் கோபம். வந்து அழைக்காதவள்மேல் ஜெஸிந்தாவுக்குக் கோபம். முதலில் வாயைத் திறப்பவள் தோற்றவள்.

இருவரையும் கூட்டிவந்தது மூன்றாவது தோழி பர்வீன். இன்னொருத்தியும் வருகிறாள் என்பதை இருவரிடமும் சொல்லவில்லை. பஸ் கிளம்பிய பிறகுதான் தெரிந்தது. இப்போது முட்டி வலி என்று கரையில் உட்கார்ந்து செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருக்கிறாள், கள்ளி.

நேற்று ஆற்றோரத்தில் கூடாரம் போட்டுச் சமைத்தார்கள். ஜெஸிந்தா குழம்பை ருசி பார்த்துவிட்டு, உப்பு பத்தாது என்று அடுப்பிடம் சொன்னாள். சிலருக்கு நாக்கே செத்துப்போச்சு என்று இவள் கொசுவர்த்திச் சுருளிடம் பதில் சொன்னாள். பர்வீன் நடுவில் படுத்தாள்.

இன்று கைடு வேறு, இருவரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஒரே எடைதான் என்று ஒரே படகில் ஏற்றிவிட்டான். அந்த அவமானத்தைக்கூட அவர்கள் தனித்தனியாகத்தான் பட்டார்கள்.

படகின் மூக்கு வலது பக்கம் திரும்பத் தொடங்கியது.

அவள் ஆற்றைப் பார்த்துச் சொன்னாள்.

"முன்னால இருக்கவங்க இடது பக்கம் சாய்ஞ்சா நல்லாருக்கும்."

ஜெஸிந்தாவும் ஆற்றிடமே சொன்னாள்.

"பின்னால இருக்கவங்க அதை வாட்ஸ்அப்ல அனுப்பினா நல்லாருக்கும்."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அதுதான் கொடுமை. இந்த இரண்டு வருஷத்தில் அவளை இப்படிச் சிரிக்கவைக்க ஒருத்தியும் வாய்க்கவில்லை. பேசாமல் இருந்து இருந்து அவளுக்கு அலுத்துவிட்டது. ஜெஸி வேண்டும்.

ஆனால் முதலில் பேச மாட்டாள்.

சிரிப்பை மென்று விழுங்குவதற்குள் துடுப்பை மறந்துபோனாள்.

கவிழ்ந்தது.

பச்சைத் தண்ணீர். காதுக்குள் இரைச்சல். பாதி ஆறு மூக்கு வழியாக உள்ளே போனது.

லைஃப் ஜாக்கெட் அவளைத் தூக்கி வெளியே போட்டது. அலையைத் தாண்டி ஆறு அகலமாகி அடங்கிப்போகிற இடம். குப்புறக் கிடந்த படகு கைக்கு அகப்பட்டது. அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சுற்றிப் பார்த்தாள்.

ஒரு துடுப்பு மிதந்தது. ஜெஸிந்தாவின் ஒற்றைச் செருப்பு மிதந்தது.

ஜெஸிந்தாவைக் காணோம்.

"ஏட்டி ஜெஸி, எங்கட்டி இருக்க?"

வீடாவது, பால்காய்ப்பாவது. ஏட்டி, ஏட்டி என்று கத்திக்கொண்டே இருந்தாள். குரல் அழுகையாக மாறியது அவளுக்கே தெரியவில்லை.

படகின் அந்தப் பக்கத்திலிருந்து ஓர் இருமல் கேட்டது. நிதானமான, ஜெயித்தவளின் இருமல்.

"இங்கதான்ட்டி இருக்கேன். முதல்ல பேசினது நீதான், பாத்துக்கோ."

அவளுக்கு உயிர் வந்தது. கூடவே ஆத்திரமும் வந்தது. எட்டி ஓர் அறை விடலாம் என்றால் நடுவில் படகு கிடந்தது. முகம்கூடத் தெரியவில்லை.

கரையிலிருந்து கைடு கயிறு வீசினான். எட்டவில்லை.

அந்தப் பக்கத்துக் குரல் கொஞ்சம் இறங்கிவந்தது. அடுக்களைக்கு என்ன கல் போட்டிருக்கிறாள் என்று கேட்டது. கறுப்பு கிரானைட் என்றாள். மாடிப்படி உள்ளேயா வெளியேயா என்று கேட்டது. உள்ளே என்றாள். கழுத்தளவுத் தண்ணீரில் கிடந்துகொண்டு, ஹாலில் ஃபேன் எத்தனை என்பதுவரை கேட்டது.

"வந்து பாக்க வேண்டியதுதானே" என்றாள் அவள்.

அந்தப் பக்கத்திலிருந்து ஜெஸிந்தா படகை ஒரு தட்டு தட்டினாள்.

"நேர்ல வந்து கூப்பிடு. வாரேன்."

கைடு மறுபடி வீசிய கயிறு சரியாக அவள் தோளிலேயே வந்து விழுந்தது. பிடி, பிடி என்று அவனும் பர்வீனும் கரையில் நின்று கத்தினார்கள்.

அவள் கயிற்றை ஒதுக்கிவிட்டாள். படகின் விளிம்பைப் பிடித்தபடி, கை மாற்றிக் கை மாற்றி, அந்தப் பக்கம் போகத் தொடங்கினாள்.