நாற்றம் பிடிக்கும் கல்

மஞ்சளாய் வெளுத்த நாலு கரும்புத் தோகைகளை மேசைமேல் வைத்துவிட்டுச் செங்கோட்டையன் நின்றார். உட்காரச் சொன்னதற்கும் உட்காரவில்லை.

மில் எஞ்சினீயர் பாலகோபால் தோகைகளைப் புரட்டினார். நுனி கருகவில்லை, பூச்சி அரிக்கவில்லை. அடித்தோகை மட்டும் வெளுத்திருந்தது.

"பழைய விஷமுங்க கவுண்டரே. மண்ணுல ஊறுனது எறங்க நாளாகும்."



மில் குடியிருப்பின் கக்கூஸ் தண்ணீர் செங்கோட்டையனின் கரும்புக் காட்டுக்குத்தான் பாயும். அறுபத்தேழில் நாற்றம் தாங்காமல் ஊரே மனுக் கொடுத்தது. மில்காரர்கள் பூனாப் பக்கமிருந்து ஜியோலைட் என்ற கல்லை லாரியில் வரவழைத்துத் தொட்டி நிறையக் கொட்டினார்கள். தண்ணீரில் மூக்கைத் துளைக்கும் அமோனியாவை அந்தக் கல் பிடித்துக்கொள்ளும். தொட்டி ஓடத் தொடங்கி மூன்று மாதம் ஆகிறது.

பாலகோபால் அவரைத் தொட்டிக்கு அழைத்துப் போனார். வெளியே விழும் தண்ணீரை டம்ளரில் பிடித்து நீட்டினார்.

"மோந்து பாருங்க. முந்தியெல்லாம் சிங்காநல்லூர் பஸ்ஸுல போறவனே மூக்கைப் பொத்துவான்."

செங்கோட்டையன் முகர்ந்தார். "நாத்தமே இல்லீங்க."

"அப்புறமென்னங்க? மனுவுல மொதக் கைநாட்டு யாருது?"

"என்றதுதானுங்க. எங்கூட்டுக்காரி பாப்பாயிக்குச் சோறு எறங்குல. தின்னா வாந்தி. அதுக்காவத்தான் வெச்சேன்."

"இப்ப?"

"இப்ப நல்லாத் திங்கறாளுங்க."

"அப்ப எதுக்கு மொகத்தை இப்படி வெச்சிருக்கீங்க? பொண்டாட்டி நல்லாத் தின்னா உங்களுக்கு ஆகாதா?"

செங்கோட்டையன் சிரிக்கவில்லை. குரலும் ஏறவில்லை.

"இந்த வெள்ளாமையும் போச்சுன்னா நானும் உங்க மில் கேட்டுல வந்துதான் நிக்கோணும். திங்கறதுக்குச் சோறு வேணுமுல்லீங்க."

பாலகோபால் அவர் தோளைத் தட்டினார். "அதெல்லாம் போகாதுங்க. இன்னும் ரெண்டு லாரி கல்லுக்கு எழுதிப்போட்டேன். மிச்சம் மீதி இருக்கற அமோனியாவும் இங்கியே நின்னுரும்."

செங்கோட்டையன் டம்ளர் தண்ணீரை வாய்க்காலில் கொட்டினார். காலி டம்ளரை எஞ்சினீயர் கையில் கொடுத்தார்.

"வேண்டாமுங்க. அந்த நாத்தந்தான் என்ற கரும்புக்கு உரமுங்க."