இடது கால் ஷூ

கம்பெனி ஒப்படைத்த அட்டைப்பெட்டியை அக்கா தலைகீழாகக் கவிழ்க்கிறாள். காணாமல் போன தம்பியின் சட்டைகள், சீப்பு, ஒரு ஜோடி ஷூ, எல்லாம் அந்நாட்டுப் போலீஸ் அதிகாரியின் மேஜைமேல் சரிகின்றன. அவர் நீட்டிக்கொண்டிருக்கும் பேனாவின் முனையில் ஜன்னல் வெயில் மின்னுகிறது. "உங்க தம்பி தானாவே வேலையை விட்டுட்டு, மலைப்பாதையில நடந்தே போயிட்டாராம். கையெழுத்துப் போட்டா கேஸை மூடிடுவாங்க," என்கிறார் மொழிபெயர்ப்பாளர். "கேஸை மூடறதுக்கா சார் கடல் தாண்டி வந்தோம்?" என்று அக்கா சீறுகிறாள். "நான் வெறும் வாய்தாம்மா, என்மேல பாயாதீங்க." மின்விசிறி கிறீச்சிடுகிறது. இடது ஷூவுக்குள் நுழைந்த அக்காவின் விரல்கள் சட்டென்று நிற்கின்றன. உள்ளே முன்பாதியில், அம்மா தைத்துக் கொடுத்த பஞ்சுத் திண்டு அப்படியே இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாவும் அதைப் பார்த்துவிட்டாள். மேஜைக்கடியில் மகளின் முழங்காலை அழுத்துகிறாள். "வேணாம்டி. பொய் சொல்லி வேலைக்குச் சேர்ந்தான்னு நம்ம மேலேயே திருப்பிடுவாங்க." அதிகாரி கடிகாரத்தைப் பார்க்கிறார். பேனா இன்னும் ஓர் அங்குலம் நெருங்குகிறது. அக்கா அந்த ஷூவைத் தூக்கி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை மறைத்து வைக்கிறாள். மொழிபெயர்ப்பாளரிடம் திரும்புகிறாள்.

"ஒரு வார்த்தை விடாம சொல்லுங்க சார். உடல்தகுதிப் படிவத்துல நாங்க மறைச்சுட்டோம். என் தம்பிக்கு இடது பாதம் பாதிதான். அவங்கிட்ட இருந்தது இந்த ஒரு ஜோடிதான். இது இல்லாம அவனால வாசல்வரைக்கும்கூட நடக்க முடியாது."