கட்டளைக்குக் கீழே ஒரு வரி

சாயங்கால வெயில் சாப்பாட்டு மேசையில் பாதிவரை வந்து நிற்கிறது. மூட்டை இறக்கிய தோளைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்திருக்கிறேன். எதிரே மகளும் மாப்பிள்ளையும், ஆளுக்கொரு கணினியோடு. யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளும் மென்பொருளுக்கு, வேண்டாத கோப்புகளை ஒரே கட்டளையில் துடைக்கும் புது வசதி வந்திருக்கிறதாம். அதற்கு மகள் எழுதிய விளக்கத்தை மாப்பிள்ளை சரி என்றால்தான் இன்று வெளியாகும். "சட்டுனு சொல்லுங்களேன். என்னைக் கட்டிக்கவே இவ்வளவு யோசிக்கலையே நீங்க" என்கிறாள் மகள். "இரும்மா, நீ எழுதினதை அப்படியே செஞ்சு பார்க்கிறேன்" என்று ஒரு விசையைத் தட்டுகிறார் மாப்பிள்ளை. அவர் கை அந்தரத்திலேயே நிற்கிறது. "ஒரு வாரத்து வேலை போச்சு." மகள் பதறுகிறாள். "ஐயோ, தனியா எடுத்து வைக்காததெல்லாம் அழிஞ்சிடும்னு கீழ எழுதியிருக்கேனே!" "கீழ வர்றதுக்குள்ள அழிஞ்சிடுச்சே" என்கிறார், கோபமில்லாமல். "திரும்ப வராதா?" என்கிறாள். "வராது." மகள் அந்த வரியை வெட்டிக் கட்டளைக்கு மேலே ஒட்டுகிறாள். 'எச்சரிக்கை' என்று நானும் எழுத்துக் கூட்டிப் படிக்கிறேன். அவர் முதலிலிருந்து படித்துவிட்டு, "இப்ப சரி" என்கிறார். பிறகு, அழிந்துபோனதை மறுபடி எழுத வெறும் பக்கம் ஒன்றைத் திறக்கிறார். மகள் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "சொல்லுங்க, முதல் வரி என்ன?" என்கிறாள்.